பச்சை வாளியில் விழுந்த துளி

1

இந்தக் கதையை நான் ஏற்கெனவே ஒருமுறை எழுதிவிட்டேன். நான்கே வரிகள். சென்ற ஜூலை இருபத்தாறாம் தேதி, காலை ஏழே முக்காலுக்கு, பல் துலக்குவதற்கு முன்பு, கைபேசியில் தட்டியது. அதை இதுவரை வாசித்தவர்கள் ஒன்பது பேர். என் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளையும் முழுதாக வாசித்தவர்கள் அதைவிடக் கொஞ்சம் குறைவுதான் என்று பதிப்பாளர் சொல்வார். ஆனால் நான் எழுதியதில் பலித்தது அந்த நான்கு வரி மட்டுமே.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ரசாயனத் தொழிற்சாலைகளுக்குப் பாதுகாப்புப் பலகைகளையும் படிவங்களையும் தமிழாக்கிக் கொடுத்துப் பிழைப்பவன் நான். தொழிலாளிக்குப் புரியும் மொழியில் எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது விதி. 'கண்ணாடி அணியாமல் உள்ளே வராதீர்', 'தண்ணீர் ஊற்றாதீர். புகையும்' என்று நீங்கள் எங்கேனும் பார்த்தால் என்னை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது உட்கார்ந்திருப்பது அந்த நான்கு வரிக்குப் பதில் எழுதுவதற்கு. மூன்று முறை தொடங்கியாயிற்று.

முதல் தொடக்கம்: 'விடிகாலை ஐந்தே முக்காலுக்கு, மணவாள நகர் நிறுத்தத்தில் கம்பெனிப் பேருந்துக்காகக் காத்திருக்கும் திலகவதிக்கு' — வேண்டாம். பேருந்துக்குக் காத்திருக்கும் பெண்ணை வைத்து நானே இரண்டு கதை எழுதியிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்: 'ரசாயனப் பாதுகாப்பு விதிகள் சிறு உற்பத்தியாளர்களை' — இது கட்டுரை. மதிய உணவுக்குப் பிறகு நடக்கும் கருத்தரங்கில் வாசிக்கலாம், தூங்குகிறவர்களுக்குத் தொந்தரவு இருக்காது.

மூன்றாம் தொடக்கம்: 'கலியனின் வலது கண்' — இதற்கு எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. பிறகு வருகிறேன்.

2

திலகவதியையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

முப்பத்தொன்பது வயது. வேதியியல் பட்டம், பிறகு பாதுகாப்பில் ஒரு டிப்ளமா. வண்ணப்பூச்சில் கலக்கும் ஒரு பொருளைத் தயாரித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சிறிய தொழிற்சாலையில் அவள்தான் பாதுகாப்பு அலுவலர். மொத்தம் அறுபத்திரண்டு பேர் வேலை செய்கிற இடம். முதலாளி ஷஃபியுல்லா, பழவேற்காட்டில் கருவாடு வியாபாரம் செய்த குடும்பத்திலிருந்து வந்து இந்தத் தொழிலில் இறங்கியவர். எல்லாருக்கும் பாய்.*

அவள் மேசைக்கு எதிரே ஒரு தினசரி நாட்காட்டி தொங்கும். அதில் சிவப்பு வட்டம் இல்லாத வாரம் கிடையாது. மாசுக் கட்டுப்பாட்டு அனுமதி புதுப்பிக்க ஒரு தேதி, கொதிகலன் சோதனைக்கு ஒரு தேதி, தீப்பயிற்சி, தொழிலாளர்களுக்கு ரத்தப் பரிசோதனை, கழிவு எவ்வளவு போனது என்கிற கணக்கு. இதற்கு நடுவில் வெளிநாட்டு வாடிக்கையாளர் நூற்று நாற்பது கேள்விகள் கொண்ட ஒரு தாளை அனுப்பி, வெள்ளிக்கிழமைக்குள் பதில் கேட்பார். நெடுஞ்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற பெரிய கம்பெனியில் இதே வேலைக்கு முப்பது பேர் கொண்ட ஒரு தளமே உண்டு. சட்டம் இரண்டு பேருக்கும் ஒன்று. அங்கே முப்பது பேர் செய்வதை இங்கே ஒருத்தி செய்தாள். சாயங்காலம் பேருந்தில் ஏறினால் நெடுஞ்சாலை லாரிகளின் வரிசையைத் தாண்டுவதற்குள் தூங்கிவிடுவாள்.

விதிகள் தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களுக்கு இரண்டு கண்ணும் நன்றாகத் தெரிகிறது. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் எங்கேயோ ஒருவன் வெந்திருக்கிறான். எனக்கு அலுப்பாக இருப்பது வேறு விஷயம். வெந்தவனுக்காக எழுதிய விதி, நம் ஊருக்கு வந்து சேரும்போது பூர்த்தி செய்ய வேண்டிய ஒரு கட்டமாக மாறிவிடுகிறது.

[* பாயைக் கெட்டவராக எழுதினால் கதை சுலபமாக முடிந்துவிடும். இரண்டு வரைவுகளில் முயன்றேன். அவர் ஒத்துழைக்கவில்லை.]

3

அந்தக் கட்டத்தின் பெயர் 'நியர்மிஸ்'. நடக்க இருந்து நடக்காமல் போன விபத்து. படி வழுக்கியது, ஆனால் விழவில்லை. குழாய் கசிந்தது, ஆனால் யார் மேலும் படவில்லை. இப்படிப்பட்டதை எல்லாம் எழுதிவைத்து உடனே சரிசெய்தால் பெரிய விபத்து வராது என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. படிவத்தை நான்தான் தமிழாக்கினேன்: கண்டவர், நடந்தது, சரிசெய்தவர், நிலை. கடைசிக் கட்டம், 'படித்துப் புரிந்துகொண்டவர் கையொப்பம்'.

மூன்று வருடத்துக்கு முன்பு வாடிக்கையாளர் அனுப்பிய தணிக்கையாளர் வந்தார். பதிவேட்டைத் திறந்தார். வெறும் தாள்.

"அறுபது பேர் அமிலத்தோட வேல செய்யுற எடத்துல ஒண்ணுமே நடக்கலியா?" என்றார். "ஒண்ணு, இங்க கடவுள் வேல பாக்குறாரு. இல்ல, யாரும் கண்ணத் தொறந்து பாக்கல. மாசத்துக்கு ரெண்டாவது இருக்கணும் மேடம்."

திலகவதி அதை மனசார நம்பினாள். கேன்டீனில் பெட்டி வைத்தாள், சீட்டு வைத்தாள், பேனாவைக் கயிற்றில் கட்டிவைத்தாள். முதல் மாதம் ஒன்பது சீட்டு விழுந்தது. புகை உறிஞ்சும் மோட்டார் கத்துகிறது. மேல்தளக் கைப்பிடி ஆடுகிறது. எல்லாம் உண்மை.

பாய் ஒன்பதையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

"மோட்டார மாத்தணும்னா ரெண்டு நாளு பிளான்ட நிறுத்தணும். இந்த வாரம் கன்டெய்னர் போவுது. இத எழுதிட்டு மாத்தலன்னா அவன் வந்து செவப்பு இங்க்குல வட்டம் போடுவான். சரி பண்ணிட்டு எழுதுங்க மேடம். சரி பண்ண முடியாதத எழுதாதீங்க."

கொடுமைக்காரன் பேச்சில்லை அது. அவர் அந்த மோட்டாரை நான்கு மாதம் கழித்து மாற்றவும் செய்தார். ஆனால் சீட்டுப் போட்ட ஆளை ஷிப்டு சூப்பர்வைசர், "உன் பிளான்ட நீயே மாட்டிவுடுறியா?" என்று கேட்டுவிட்டார். அடுத்த மாதம் பெட்டியில் இரண்டு பீடித்துண்டு கிடந்தது.

அப்படியாகத் திலகவதிக்குத் தேவைப்பட்டது ஒரு தனி வகை விபத்து. சின்னதாக இருக்க வேண்டும், சுத்தமாக இருக்க வேண்டும், நடந்த அன்றே சரியாகிவிட வேண்டும். உலகத்தில் அப்படி ஒன்று கிடையாது. அதனால் அவள் எழுத ஆரம்பித்தாள்.

4

முதல் இரண்டு வருடம் அவளே எழுதினாள். ஒரு நாள் பலகை வாசகத்துக்காகப் போயிருந்தேன். பதிவேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"சார், படி வழுக்குறது எட்டு வாட்டி எழுதிட்டேன். லைட் எரியல அஞ்சு வாட்டி. இதுக்கு மேல எனக்கு மூள வத்திப்பூச்சு. நீங்க கத எழுதுறவரு தானே? மாசம் ரெண்டு எழுதிக் குடுங்களேன்."

சிரித்தேன். அவளும் சிரித்தாள். அன்று சாயங்காலமே இரண்டு எழுதி அனுப்பினேன். சொன்னால் வெட்கம்தான், எனக்கு அது பிடித்திருந்தது. கேட்டு வாங்கி வாசிக்கிற ஒருத்தி கிடைத்தாள். அவள் சொன்ன ஒரே விமரிசனம், "கொஞ்சம் நம்புற மாதிரி இருக்கட்டும் சார்." அதனால் விவரம் சேர்த்தேன். நல்ல கதைக்கு ஒரு பொருள் வேண்டும், ஒரு நேரம் வேண்டும். இப்படிப் பதினான்கு எழுதியிருக்கிறேன். பதினான்காவது இது:

'11ஆம் தேதி, பகல் ஷிப்டு. டே டேங்கின் அடிக்குழாய் இணைப்பில் ஒரு துளி நிற்பதைத் தேநீர் நேரத்துக்குச் சற்று முன் ஆபரேட்டர் ______ கண்டார். துளி கீழே இருந்த பச்சை வாளியின் விளிம்பில் விழுந்து புகைந்தது. ஃபிட்டர் ______ உடனே வால்வை மூடி, பழைய கேஸ்கெட்டை எடுத்துவிட்டுப் புதியது போட்டார். நிலை: முடிந்தது.'

(டே டேங்க் என்பது ஒரு நாளைக்கு வேண்டிய அமிலத்தை நிரப்பிவைக்கும் சின்னத் தொட்டி. இரண்டு குழாய் சேருகிற இடத்தில் கசியாமல் இருக்க நடுவில் வைக்கும் வளையம்தான் கேஸ்கெட்.)

பச்சை வாளி என் வீட்டுக் குழாயடியில் இருப்பது. தட்டச்சு செய்யும்போது அது கண்ணில் பட்டது, அவ்வளவுதான். அந்தத் தொழிற்சாலையில் பச்சை வாளியே இல்லை. தீயணைப்பு வாளிகள் எல்லாம் சிவப்பு.

பெயர்களை நான் எப்போதும் காலியாக விடுவேன். அதை அவள் நிரப்புவாள். நியர்மிஸ் கண்டவருக்கும் சரிசெய்தவருக்கும் மாதக் கூட்டத்தில் பரிசு உண்டு, ஆளுக்கொரு ஹாட்பாக்ஸ். யாருக்கு இன்னும் கிடைக்கவில்லை என்று பார்த்துப் பார்த்துப் பெயர் போடுவது அவள் வழக்கம். அந்த மாதம் ஃபிட்டர் அப்பாவு தன் மகளின் வளைகாப்புக்கு எல்லாருக்கும் பத்திரிகை கொடுத்திருந்தார். ஊரார் வருகிற வீட்டில் ஹாட்பாக்ஸ் உபயோகப்படும். அவர் பெயரைப் போட்டாள். அவரோடு எளாவூரிலிருந்து ஒரே வண்டியில் வருகிற ஆபரேட்டர் கலியன் பெயரைக் 'கண்டவர்' கட்டத்தில் போட்டாள்.

இருவரும் வந்து வாசிக்காமல் கையெழுத்துப் போட்டார்கள். கூட்டத்தில் நான்கு வரியையும் உரக்க வாசித்தார்கள், யாரும் காதில் வாங்கவில்லை. கைதட்டினார்கள். புகைப்படம் அறிவிப்புப் பலகையில் இன்னும் இருக்கிறது. அப்பாவு ஹாட்பாக்ஸைப் பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

5

இனி வருவதை எழுத எனக்குக் கை வரவில்லை. இருந்தாலும் இதுதான் கதை.

செப்டம்பரில் வருடாந்திரப் பராமரிப்புக்காக பிளான்ட்டை நான்கு நாள் நிறுத்தினார்கள். எந்தெந்த இணைப்பில் கேஸ்கெட் மாற்ற வேண்டும் என்று பட்டியல் போட வேண்டும். பராமரிப்பு இன்சார்ஜ் வேலையை விட்டுப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது. புது ஆள் வரவில்லை. பட்டியலும் திலகவதி தலையில் விழுந்தது.

ஒரு கையில் குழாய் வரைபடம், ஒரு கையில் பதிவேடு. மொத்தம் நாற்பத்தோரு இணைப்பு. இறக்குமதிக் கேஸ்கெட் கையிருப்பு முப்பத்தெட்டு. மூன்றை விட்டுவிட வேண்டும். எதை விடலாம்? அண்மையில் மாற்றியதை. பதிவேட்டைப் புரட்டினாள். டே டேங்க் அடிக்குழாய், ஜூலை 11, புதியது போட்டாயிற்று, முடிந்தது. பென்சிலால் ஒரு டிக் அடித்தாள்.

அவளுக்கு நினைவு வரவில்லை. இதைப் பலர் நம்பமாட்டார்கள். நான் நம்புகிறேன். எழுபத்தாறு பதிவுகள், எல்லாம் ஒரே பேனா, ஒரே நடை, எல்லாவற்றுக்கும் கீழே கையெழுத்து. தலைவலியோடு மதியம் மூன்று மணிக்கு உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு, மை உலர்ந்த எதுவும் உண்மையாகத்தான் தெரியும். அவளே எழுதச் சொன்னதை அவளே நம்பினாள்.

அக்டோபர் ஒன்பதாம் தேதி காலை பதினொன்றுக்கு அந்தக் கேஸ்கெட் விட்டது. வால்வைத் திறக்கக் குனிந்த கலியன் முகத்தில் அமிலம் அடித்தது. கண்ணாடி நெற்றிமேல் ஏற்றி வைத்திருந்தான். வியர்வையில் அது மங்கிப்போகும், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள். அவசரக் குளியலுக்கு இழுத்துப்போய்ப் பதினைந்து நிமிடம் தண்ணீர் விட்டவர் அப்பாவு. தன் கை வெந்ததை அவர் பிறகுதான் கவனித்தார்.

இடது கண் தப்பியது. வலது

[இந்த வாக்கியத்தை முடிக்க மூன்று நாளாக முயல்கிறேன்.]

6

திலகவதி சென்னை மருத்துவமனைக்குப் போனாள். கலியனின் இரண்டு கண்ணையும் மூடிக் கட்டுப் போட்டிருந்தார்கள். குரலை வைத்து அடையாளம் கண்டுகொண்டான்.

"மேடம், நான் அப்பவே பாத்துச் சொல்லிக்கீறனாமே? பாய் ஆளு வந்து புக்க படிச்சுக் காட்னாரு."

அவள் நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டாள்.

"சொல்லியும் அந்தாளு மாத்தல பாருங்க மேடம். மாத்திட்டேன்னு கையெழுத்து போட்டுக்கினு டப்பா வாங்கிக்கினு போயிருக்கான். என் வண்டில தான் தெனம் ஒக்காந்து வந்தான். ஒரு வார்த்த சொல்லல. எங்கிட்டயே துரோகம் பண்ணிட்டான்."

சொல்லிவிட வேண்டும் என்றுதான் அவள் போனாள். கொண்டுபோன ஆரஞ்சுப் பழங்களை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். மாடிப்படியில் உட்கார்ந்து அழுதாள். இதை அவள் எனக்குச் சொன்னபோது நான் சன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விசாரணை தொடங்கியது. ஸ்டோர் புத்தகத்தில் ஜூலை மாதம் ஒரு கேஸ்கெட்கூட வெளியே போகவில்லை. ஆனால் பதிவேட்டில் மாற்றியதாக இருக்கிறது, அப்பாவு கையெழுத்து இருக்கிறது. அப்படியென்றால் அவர் மாற்றாமலே மாற்றியதாகச் சொல்லிப் பரிசு வாங்கியிருக்கிறார். எல்லாம் கச்சிதமாகப் பொருந்தியது. கதை என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்! அப்பாவுவைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அடுத்தது போலீஸ் வழக்கு என்று பேச்சு.

பாய் அவளைத் தனியே கூப்பிட்டார். அவருக்கும் தூக்கமில்லை என்று கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அவள் உண்மையைச் சொன்னாள். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"கலியன் கண்ணுக்கு அல்லாகிட்ட நான் பதில் சொல்லிக்கிறேன் மேடம். பிளான்ட மூடிட்டா அறுவது ஊட்டுக்கு யாரு பதில் சொல்றது? நீங்க சொல்லுங்க. எனக்கு ஒண்ணும் தோணல."

7

அவள் தொழிற்சாலை ஆய்வாளரையும் போய்ப் பார்த்தாள். ஓய்வுக்கு ஒரு வருடம் இருக்கிற மனிதர். மேசைமேல் நான்கு அடுக்குக் கோப்பு. அவள் சொல்லி முடிக்கும்வரை பேனாவை மூடியே வைத்திருந்தார்.

"அம்மா, இது ஒண்ணு கற்பனைன்னா மத்த எழுபத்தஞ்சும் என்ன? பதிவேடே பொய்னு நான் எழுதினா லைசென்ஸ் நிக்காது. எழுதலன்னா அந்த ஃபிட்டர் கூண்டுல நிக்கணும். வாய்ல சொன்னத வெச்சு நான் எதுவும் செய்ய முடியாது. திங்கக்கெழம பத்து மணிக்குள்ள எழுத்துல குடுங்க. வரலன்னா இருக்குற ரெக்கார்ட வெச்சு ரிப்போர்ட் போட்டுருவேன்."

வெள்ளிக்கிழமை மாலை அவள் என் வீட்டுக்கு வந்தாள். தண்ணீர் கொடுத்தேன். குடிக்கவில்லை.

"பொய்ய எழுதறப்ப தானா வந்துச்சு சார். உண்மைய எழுத ஒக்காந்தா ரெண்டு வரிக்கு மேல போவல. அந்த ஜூலை மெசேஜ் உங்க ஃபோன்ல இருக்குதுல்ல? அத வெச்சு நீங்களே எழுதிக் குடுங்க. கையெழுத்து நான் போடுறேன்."

"நானும் போடணுமே" என்றேன்.

"அது உங்க இஷ்டம்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

ஆக, வாசகரே, நீங்கள் இதுவரை வாசித்தது அந்த வாக்குமூலத்தை எழுத உட்கார்ந்து நான் எழுதிக்குவித்தது. மூன்று தொடக்கங்கள், கிறுக்கல்கள், எல்லாம் அதன் மிச்சம். ஆய்வாளருக்கு வேண்டியது ஒரு பக்கம். நான் பத்துப் பக்கத்துக்குக் கதை பண்ணிக்கொண்டிருக்கிறேன், ஏனென்றால் கதையில் என் பெயரைப் போட வேண்டியதில்லை.

முடிவுகளையும் யோசித்துப் பார்த்தேன்.

அ) வாக்குமூலம் போகிறது. அப்பாவு நிரபராதி. பதிவேடு முழுதும் பொய் என்று ஆகி, பூட்டுப் போடுகிறார்கள். நிரபராதி அப்பாவுவும் மற்றவர்களோடு சேர்ந்து கேட்டுக்கு வெளியே நிற்கிறார். வாடிக்கையாளர் அடுத்த வாரமே வேறு நாட்டில் சரக்கு எடுக்கிறார். அங்கேயும் ஒரு பதிவேடு இருக்கும்.

ஆ) வாக்குமூலம் போகவில்லை. தொழிற்சாலை ஓடுகிறது. பாய் உண்மையாகவே பயந்துபோய் எல்லாக் கேஸ்கெட்டையும் மாற்றுகிறார். அப்பாவு கோர்ட்டுக்கு நடக்கிறார். கலியன் ஒரு கண்ணோடு அவரைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறான்.

இ) பாய் தானே ஆய்வாளரிடம் போய்ப் பழியை ஏற்கிறார். எல்லாரும் கண் கலங்குகிறார்கள். வார இதழ் ஒன்று இதை விரும்பி வாங்கும். எழுதிப் பார்த்தேன், கிழித்துவிட்டேன்.

ஈ)

8

ஞாயிறு காலை பத்து மணிக்கு வாசலில் சைக்கிள் நின்ற சத்தம். அப்பாவு.

என்னை அவருக்கு 'போர்டு எழுதுற சார்' என்று தெரியும். கேன்டீனில் இரண்டு மூன்று பேருக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன். ஐம்பது வயதிருக்கும். இடது கையில் வெந்த இடம் இன்னும் சிவந்திருந்தது. துணிப்பையிலிருந்து ஹாட்பாக்ஸை எடுத்து முற்றத்தில் வைத்தார்.

"இத திருப்பிக் குடுத்துடலாம்னு கொண்டாந்தேன் சார். பாத்தாலே பேஜாரா கீது. கூடவே ஒரு மனு எழுதிக் குடுங்க."

"என்ன மனு?"

"மன்னிப்பு மனு. பாய்க்கு. கேஸ்கெட்ட மாத்த மறந்துட்டேன், தெரியாம கையெழுத்து போட்டுட்டேன், மன்னிச்சிடுங்கன்னு. சூப்பர்வைசர் சொன்னாரு, ஒத்துக்கினா கேசு இல்லாம முடிச்சிடலாமாம்."

"நீங்க மாத்த மறந்தீங்களா?"

அவர் குந்தி உட்கார்ந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"மொதல்ல இல்லன்னு தான் சார் சொன்னேன். அன்னிக்கு என்ன யாருமே கூப்புடலன்னு சண்ட கூட போட்டேன். நாலு வாட்டி படிச்சுக் காட்னாங்க. கேக்க கேக்க நெனப்பு வர்து சார். கலியன் தான் வந்து கூப்ட்டான். டீ வர்ற நேரம். ஸ்பேனர எடுத்துக்கினு ஓடுனேன். கீழ ஒரு பச்ச வாளி, அது மேல புஸ்ஸுனு பொக. வால்வ மூடுனேன். அது நல்லா நெனப்பு கீது. அப்பறம் கேஸ்கெட்டு எடுக்க ஸ்டோருக்குப் போவணும்ல? அங்க தான் நெனப்பு நின்னு பூடுது." ஹாட்பாக்ஸைத் தள்ளி வைத்தார். "டீ குடிக்கப் பூட்டேன் போல சார். ஒரு டீக்காக அவன் கண்ண எடுத்துட்டேன்."

இதை எந்த அலங்காரமும் இல்லாமல் சொல்கிறேன். அந்தத் தேநீரை நான்தான் போட்டேன். கதைக்கு ஒரு நேரம் வேண்டும் என்று போட்டேன்.

"அப்பாவு, அப்படி எதுவும் நடக்கல. அத எழுதினதே நான்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"மேடத்துக்கு மாசம் ரெண்டு எழுதித் தருவேன். எல்லாம் கற்பன. யாரும் எதையும் பாக்கல, யாரும் உங்களக் கூப்புடல. இருங்க, காட்டுறேன்."

கைபேசியை எடுத்துத் தேடி, ஜூலை இருபத்தாறு என்று தேதியைக் காட்டி, நான்கு வரியையும் மெதுவாக வாசித்தேன். பெயர் வரவேண்டிய இடத்தில் கோடு என்றும் சொன்னேன். அப்பாவு கண்ணை மூடித் தலையாட்டிக்கொண்டே கேட்டார்.

"ஆமா சார்" என்றார். "இதே தான். இப்டியே தான் நடந்துச்சு."

"அய்யோ, இது நான் எழுதினது! உங்க பிளான்ட்ல பச்ச வாளி எங்க இருக்குது, சொல்லுங்க? அதோ, அந்தக் குழாயடில இருக்குது பாருங்க, அதப் பாத்து எழுதினேன்."

அவர் திரும்பிக் குழாயடியைப் பார்த்தார். வாளியில் என் பனியன் ஊறிக்கொண்டிருந்தது. நிதானமாகப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். அவர் முகத்தில் இருந்தது இரக்கம்.

"நீங்க நல்லவரு சார். எனக்காக இப்டி சொல்றீங்க. அந்த வாளிய அப்பறம் எடுத்துட்டாங்க போல." பிறகு குரலைத் தணித்து, "இவ்ளோ கரெக்டா உங்களுக்கு யாரு சார் சொன்னது? அன்னிக்கு நீங்களும் அங்க இருந்தீங்களா?"

9

மனுவைச் சாயங்காலம் வந்து வாங்கிக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஹாட்பாக்ஸ் முற்றத்திலேயே இருக்கிறது.

மேசைமேல் இரண்டு வெள்ளைத்தாள் வைத்திருக்கிறேன். ஒன்றில் திலகவதியின் வாக்குமூலம் எழுத வேண்டும். இன்னொன்றில் அப்பாவுவின் மன்னிப்பு மனு. இரண்டுக்கும் வார்த்தை என்னுடையதுதான். எழுதத் தெரியாமல் உட்கார்ந்திருக்கவில்லை. பொய்யை எழுதியபோது என்னை ஒருவரும் சந்தேகிக்கவில்லை. உண்மையை வாசித்துக்காட்டியபோது, யாரைக் காப்பாற்ற நினைத்தேனோ அவரே நம்பவில்லை. இனி என் எழுத்தை வைத்து ஆய்வாளர் மட்டும் எப்படி நம்புவார் என்று தெரியவில்லை.

இந்தக் கதைக்கு நான் முடிவு எழுதமாட்டேன். பிகு பண்ணிக்கொள்வதாக நினைக்காதீர்கள், பயம். நான் எழுதுவது நடந்ததாகிவிடுகிறது.

படிவத்தில் கடைசியாக ஒரு கட்டம் உண்டு என்றேனே, அதை மட்டும் கீழே பெயர்த்து வைக்கிறேன். அந்த நான்கு வரியை வாசித்தவர்களில் நீங்கள் பத்தாவது. அது பொய் என்று தெரிந்தவர்களில் நான்காவது: திலகவதி, நான், எழுத்தில் தராததால் தெரியாததுபோல் இருக்கிற ஆய்வாளர், அடுத்து நீங்கள்.* ஒரு தாள் திங்கட்கிழமை பத்து மணிக்குள் போக வேண்டும். எது என்று நீங்கள் சொல்லுங்கள். கதைதானே என்று வாசித்துவிட்டுப் போய்விடலாம். கலியனும் அப்பாவுவும் அப்படி நினைத்துத்தான் பேனாவைத் திருப்பிக் கொடுத்தார்கள்.

[* பாயை விட்டுவிட்டேன். அவருக்கும் தெரியும். அப்படியானால் நீங்கள் ஐந்தாவது. பதிவுகளில் இப்படித்தான் ஒரு ஆள் விடுபட்டுப் போகிறார்.]

படித்துப் புரிந்துகொண்டவர் கையொப்பம்: ______________